நிக்சனின் ஒலிநாடாக்களைக் கேட்பது எப்படி?

அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன், 1971 பிப்ரவரி முதல் 1973 ஜூலை வரை, தம் அறைகளிலும் தொலைபேசிகளிலும் நடந்த உரையாடல்களை எதிரில் இருப்பவர்கள் அறியாமல் பதிவு செய்துவந்தார். ஏறத்தாழ 3,700 மணிநேரம் ஓடும் அந்தப் பதிவுகளில் 3,000 மணிநேர அளவுக்கு இன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. கலிபோர்னியாவின் யோர்பா லிண்டாவிலுள்ள நிக்சன் நூலகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். ஆனாலும், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்ததை மூடிமறைக்கப்போய் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் அதைப் புத்தகங்களின் வழியாகவே அறிந்தவர்கள். ஆர்வத்தோடு ஒரு நாடாவைத் திறப்பவர்களும், இரைச்சலுக்கு நடுவே யாரோ முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு ஐந்தாம் நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். அப்படி மூடிவிடாமல் ஒரு பதிவை முழுவதும் கேட்டு, அதில் உண்மையில் என்ன சொல்லப்பட்டது என்று தாமாகவே முடிவுசெய்ய விரும்புபவர்களுக்காக இந்தக் கையேடு எழுதப்படுகிறது.

இதில் வரும் வழிமுறைகள் எல்லாம் ஒரே விதியிலிருந்து கிளைத்தவை. முதலில் காதால் கேளுங்கள். எழுத்துப்படியைப் பிறகு படியுங்கள். எழுத்துப்படி என்பது வேறொருவர் தம் காதில் விழுந்ததை எழுதிவைத்தது. அதை முன்கூட்டியே படித்துவிட்டால், தெளிவற்ற ஓசையிலும் அந்தச் சொற்களே உங்களுக்குக் கேட்கும். பிறகு எவ்வளவு முயன்றாலும் வேறொன்று கேட்காது.

இயந்திரத்தைத் தெரிந்துகொள்ளுதல்

ஒலிப்பதிவு எந்த நிலையில் செய்யப்பட்டது என்று தெரியாமல் அதன் குறைகளைப் புரிந்துகொள்ள முடியாது. அதிபர் பாதுகாப்புக்குப் பொறுப்பான சீக்ரெட் சர்வீஸின் தொழில்நுட்பப் பிரிவினர், 1971 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் அதிபரின் பணியறையான ஓவல் அலுவலகத்திலும் அமைச்சரவை அறையிலும் கருவிகளைப் பொருத்தினார்கள். ஓவல் அலுவலகத்தில் ஏழு ஒலிவாங்கிகள் இருந்தன. அவற்றில் ஐந்து அதிபரின் மேசைக்குள்ளேயே பதிக்கப்பட்டவை; மற்ற இரண்டும் கணப்படுப்பின் இருபுறமும் இருந்தவை. ஏப்ரலில் நிர்வாக அலுவலகக் கட்டடத்தில் நிக்சன் தனிமையில் வேலை செய்ய வைத்திருந்த அறையும், அவர் வழக்கமாகப் பயன்படுத்திய தொலைபேசிகளும் சேர்ந்தன. 1972-இல் கேம்ப் டேவிட் ஓய்வில்லமும் சேர்ந்துகொண்டது.

மேசைக்குள் ஒலிவாங்கி இருப்பதன் விளைவு கேட்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். மேசைமேல் கோப்பையை வைத்தால் இடிச்சத்தம் போலக் கேட்கும். அதற்கு அடியில் அகப்பட்ட சொல் போனது போனதுதான். நாடாவைச் சிக்கனமாகச் செலவழிக்க, நொடிக்கு 15/16 அங்குலம் என்னும் மிகக் குறைந்த வேகத்தில் மெல்லிய நாடாவை ஓடவிட்டார்கள். வேகம் குறையக் குறையப் பேச்சின் கூர்மை மழுங்கும். முதலில் மெய்யெழுத்துகள்தான் அடிபடும். மேலும், அமைச்சரவை அறையைத் தவிர மற்ற இடங்களில் கருவி குரலைக் கேட்டுத் தானாகவே இயங்கத் தொடங்கும் வகையைச் சேர்ந்தது. நீண்ட மௌனத்துக்குப் பின் ஒருவர் பேச ஆரம்பிக்கும்போது முதல் அசைகள் வெட்டுப்பட்டிருப்பதை நீங்கள் அடிக்கடி கவனிப்பீர்கள். யாரோ கத்தரித்துவிட்டார்கள் என்று ஐயப்பட வேண்டாம். இயந்திரம் விழித்துக்கொள்ள ஆகும் நேரம் அது.

இந்தத் தானியங்கி ஏற்பாடுதான் நிக்சனைக் கவிழ்த்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவருக்கு முன்னிருந்த கென்னடியும் ஜான்சனும் பதிவு செய்தவர்களே. ஆனால் அவர்கள் வேண்டும்போது பொத்தானை அழுத்திப் பதிவு செய்தார்கள். பொத்தானை அழுத்துபவருக்குக் கருவியின் நினைவு இருந்துகொண்டே இருக்கும். நிக்சனின் கருவியோ எவர் கையும் படாமல் இரவுபகலாகக் காத்திருந்தது. அறைக்குள் இருந்தவருக்கு அது மறந்துபோவது இயல்பு.

எதிலிருந்து தொடங்குவது?

புகழ்பெற்ற நாடாவிலிருந்து தொடங்காதீர்கள். தொலைபேசிப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றில் இருவர் மட்டுமே பேசுவார்கள், வாய் கருவிக்கு அருகில் இருக்கும், அறையின் எதிரொலி இராது. அடுத்ததாக ஓவல் அலுவலகம். நிர்வாக அலுவலகக் கட்டடத்துப் பதிவுகள் கடைசியில். இந்த மூன்றாவது வகை பழகிய காதுக்குக்கூடக் கடினம்.

முதல் பாடமாக 1973 ஏப்ரல் 30 இரவு நிக்சன் ஹால்ட்மனோடு பேசிய தொலைபேசி உரையாடலைப் பரிந்துரைப்பேன். வெள்ளை மாளிகைப் பணியாளர்களின் தலைவரான ஹால்ட்மனும், உள்நாட்டு விவகார ஆலோசகரான எர்லிக்மனும் பதவி விலகியதை அன்று மாலைதான் நிக்சன் தொலைக்காட்சியில் அறிவித்திருந்தார். சட்ட ஆலோசகர் ஜான் டீனையும் அதே உரையில் வெளியேற்றினார். பேசி முடித்த பிறகு, தாம் நீக்கிய அதே மனிதரை அழைத்து, உரையைப் பற்றி மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று நாலு இடத்தில் விசாரித்துச் சொல்ல முடியுமா என்று வழக்கம்போலக் கேட்கிறார். தம்மால் இனி அது இயலாது என்று ஹால்ட்மன் மெதுவாக மறுக்கிறார். நிக்சனின் நாக்கு குழறுகிறது. சொந்தச் சகோதரனைப் போல நேசிப்பதாகச் சொல்கிறார். சொற்களை மட்டும் தாளில் படித்தால் இது ஓர் உணர்ச்சிகரமான விடைபெறல். காதால் கேட்கும்போது, ஒருவர் பழக்கத்தின் பிடியிலிருந்து விடுபட முடியாமல் தடுமாறுவதும், மற்றவர் மரியாதை குறையாமல் விலகி நிற்பதும் குரலிலேயே தெரியும். எழுத்துப்படியில் அகப்படாதது எது என்பதை இந்த ஒரு பதிவே கற்றுக்கொடுத்துவிடும்.

குரல்களைப் பிரித்தறியவும் இது உதவும். நிக்சனின் குரல் தாழ்ந்தது. வாக்கியத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் வேறொன்றுக்குத் தாவுவது அவர் வழக்கம். ஹால்ட்மன் ஏற்ற இறக்கமின்றி அறிக்கை படிப்பதுபோலப் பேசுவார். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சரின் ஜெர்மானிய உச்சரிப்பை எவரும் தவறவிட மாட்டார்கள். இந்தக் குரல்கள் மனத்தில் பதியும்வரை, யார் பேசுகிறார் என்பதை ஊகித்து எழுதாமல் இடத்தைக் காலியாக விட்டுவிடுவதே நல்லது.

எண்ணைப் படிப்பதும் நாளைக் கட்டுவதும்

ஒவ்வோர் உரையாடலுக்கும் இரண்டு பகுதிகள் கொண்ட எண் உண்டு. 741-2 என்றால் 741-ஆம் நாடாவின் இரண்டாவது உரையாடல் என்று பொருள். ஒவ்வொரு நாடாவுக்கும் தேசிய ஆவணக் காப்பகம் ஒரு பொருள் குறிப்பேடு தயாரித்திருக்கிறது. நாள், நேரம், இடம், உள்ளே வந்தவர், வெளியே சென்றவர், பேசப்பட்ட பொருள்கள் ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். நாட்டுப் பாதுகாப்புக்காகவோ தனிமனிதர் அந்தரங்கத்துக்காகவோ நீக்கப்பட்ட பகுதிகளும், அவற்றின் நீளமும் காரணமும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். எனவே ஓரிடத்தில் பதிவு தாவினால் முதலில் குறிப்பேட்டைப் பாருங்கள்; சதி என்று எழுதுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பேட்டோடு அதிபரின் நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதை நிமிடக் கணக்கில் சொல்லும் ஆவணம் அது. இரண்டு அடுத்தடுத்த நாள்களைச் சேர்த்துக் கேட்பதன் பயனை அறிய 1971 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் இந்திரா காந்தி நேரில் வந்து பேசுகிறார். நிக்சன் உபசாரத்தோடு பதில் சொல்கிறார். மறுநாள் காலையில் அதே அதிபர் கிசிஞ்சரிடம் அவரைச் சூனியக்காரக் கிழவி என்கிறார். கிசிஞ்சர் அதைவிட மோசமான சொற்களால் இந்தியர்களைத் திட்டுகிறார். அமெரிக்க வெளியுறவுத் துறை 2005 ஜூனில் இவற்றின் எழுத்துப்படியை வெளியிட்டபோது கிசிஞ்சர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. வாட்டர்கேட்டோடு இதற்குத் தொடர்பு இல்லை என்றாலும், ஒரு பதிவைத் தனியாகக் கேட்டு ஒருவரை எடைபோடக் கூடாது என்பதற்கு இது நல்ல பயிற்சி.

741-2: ஒரு நாடாவை முழுமையாகக் கேட்பது

1972 ஜூன் 17 அதிகாலையில், வாஷிங்டனில் வாட்டர்கேட் வளாகத்திலிருந்த ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அலுவலகத்துக்குள் புகுந்த ஐவர் கைதானார்கள். ஆறு நாள் கழித்து, ஜூன் 23 காலை 10.04 மணிக்கு ஹால்ட்மன் ஓவல் அலுவலகத்துக்குள் வருகிறார், பேச்சு 11.39 வரை நீள்கிறது. நிக்சனின் பதவியைப் பறித்த பதிவு இதுதான். இதைக் கேட்க ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

முதல் சுற்றில் எதையும் எழுதாதீர்கள். காதில் பொருந்தும் தலையணி ஒலிபெருக்கியோடு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் கேளுங்கள். பாதிக்கு மேல் புரியாது, புரியாமலே போகட்டும். இந்தச் சுற்றில் தெரிந்துகொள்ள வேண்டியது பேச்சின் போக்கும் வேகமும் மட்டுமே. குற்றத்தைப் பற்றிய பகுதி எவ்வளவு சிறியது என்பதும், அதைச் சுற்றி எத்தனை அன்றாட விவகாரங்கள் கிடக்கின்றன என்பதும் அப்போதுதான் தெரியும். பிரிட்டன் தன் பவுண்டை மிதக்க விட்டதைப் பற்றி ஹால்ட்மன் இந்த உரையாடலில்தான் சொல்கிறார். இத்தாலிய லிராவைப் பற்றி மத்திய வங்கித் தலைவர் கவலைப்படுவதாகச் சொல்லும்போது, லிரா எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்ற பொருளில் நிக்சன் கெட்ட வார்த்தையோடு பதில் சொல்கிறார். நாடாளும் வேலையும் நீதிக்குத் தடைபோடும் வேலையும் ஒரே குரலில், ஒரே சலிப்போடு நடக்கின்றன. வெட்டி எடுத்த துணுக்குகளை மட்டும் கேட்பவர்களுக்கு இது ஒருபோதும் தெரியவராது.

இரண்டாம் சுற்றில் ஒலித்திருத்த மென்பொருள் ஒன்றைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் அடாசிட்டியே போதும். வேகத்தைச் சற்றுக் குறைத்து, தாழ்ந்த அதிர்வெண்களை மட்டுப்படுத்தினால் பின்னணி ரீங்காரம் அடங்கிப் பேச்சு மேலே வரும். மின்சாரத்திலிருந்து வரும் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அமெரிக்கப் பதிவுகளில் சாதாரணம். இப்படித் திருத்துவதை எப்போதும் பிரதியில்தான் செய்ய வேண்டும், மூலத்தைத் தொடாதீர்கள். இரைச்சலை நீக்கும் வசதிகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் இல்லாத அசைகள் முளைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது குறிப்பெடுங்கள். தாளை நான்காகப் பிரித்து, நேரம், பேசுபவர், கேட்டது, ஐயம் என்று எழுதிக்கொள்வது என் வழக்கம். கடைசிக் கட்டம்தான் முக்கியமானது. ஒரு சொல்லை உறுதியாகக் கேட்டீர்களா, ஏறக்குறையக் கேட்டீர்களா, பொருளை வைத்து ஊகித்தீர்களா என்பதை அங்கே நேர்மையாகக் குறிக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இதைச் செய்யாதீர்கள். களைத்த காது எதிர்பார்ப்பதையே கேட்கும்.

பொருளும் இந்தச் சுற்றில் பிடிபடும். கைதானவர்களைப் பற்றி விசாரிக்கும் எஃப்.பி.ஐ. கட்டுக்குள் இல்லை என்று ஹால்ட்மன் முறையிடுகிறார். அதன் தற்காலிக இயக்குநர் கிரேவுக்கு அதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று தெரியவில்லை என்கிறார். விசாரணை பணத்தின் தடத்தைப் பிடித்து வங்கிவரை போய்விட்டது. மினசோட்டாவிலிருந்து வந்த 25,000 டாலர் நன்கொடை ஒன்றும் அந்தத் தடத்தில் இருக்கிறது. வெளிநாட்டு உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் துணை இயக்குநர் வால்டர்ஸ் மூலம் கிரேவை அழைத்து, இதிலிருந்து விலகி இருக்கச் சொல்ல வேண்டும் என்பது முன்னாள் சட்ட அமைச்சர் மிட்செலும் டீனும் சொன்ன யோசனையாக முன்வைக்கப்படுகிறது. நிக்சன் ஒப்புக்கொள்கிறார். அத்தோடு நில்லாமல், சி.ஐ.ஏ. அதிகாரிகளிடம் எந்தச் சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்கிறார். பே ஆஃப் பிக்ஸ் விவகாரம் (1961-இல் கியூபாவில் தோற்ற சி.ஐ.ஏ.வின் படையெடுப்பு) முழுவதும் மறுபடி கிளம்பிவிடும் என்று அதிபர் கருதுவதாகச் சொல். நாட்டின் நன்மைக்காக இந்த வழக்கில் மேலே போக வேண்டாம் என்று எஃப்.பி.ஐ.யிடம் அவர்கள் சொல்லட்டும் என்பது அதன் சாரம். குரலைக் கவனியுங்கள். பதற்றம் இல்லை, இரகசியம் பேசும் தணிவும் இல்லை. ஒரு கடிதத்துக்கு வாசகம் சொல்வதுபோல அது போகிறது.

இது ஒன்றோடு முடிவதில்லை. அன்று பிற்பகல் 1.04 மணிக்கும் 2.20 மணிக்கும் அவர்கள் மறுபடி பேசுகிறார்கள். இடையில்தான் ஹால்ட்மன் சி.ஐ.ஏ. இயக்குநர் ஹெல்ம்ஸையும் வால்டர்ஸையும் சந்திக்கிறார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆணை, நினைவூட்டல், நிறைவேற்றம் என்ற வரிசை கண்முன் நிற்கும்.

எழுத்துப்படிகளைச் சந்தேகத்தோடு படிப்பது

கேட்டு முடித்த பின்னரே எழுத்துப்படியைத் திறக்க வேண்டும் என்றேன். எந்த எழுத்துப்படி என்பதும் ஒரு கேள்வி. 1974 ஏப்ரல் இறுதியில் வெள்ளை மாளிகை தானே திருத்தி வெளியிட்ட 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட தொகுதி ஒன்று. அதே உரையாடல்களில் சிலவற்றைப் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு தனியாகக் கேட்டு எழுதி அந்தக் கோடையில் வெளியிட்டது இன்னொன்று. பின்னாளில் வரலாற்றாசிரியர்களும், விர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையமும் தயாரித்தவை வேறு. இவற்றில் மில்லர் மையத்தின் படிகள் ஒலியோடு இணைந்தவை என்பதால், தொடங்குபவர்களுக்கு அவற்றையே சொல்வேன்.

வெள்ளை மாளிகைத் தொகுதியைத் திறந்தவுடன் கண்ணில் படுவது, வசைச்சொல் நீக்கப்பட்டது என்னும் அடைப்புக்குறிக் குறிப்பு. நாகரிகம் கருதி நீக்கியதாகத் தோன்றும். ஆனால் படிப்பவர் அந்த இடத்தில் உண்மையில் இருந்ததைவிடக் கொடிய சொல்லைக் கற்பனை செய்துகொண்டார். அந்தக் குறிப்பையே எழுதிய பதாகைகளோடு வெள்ளை மாளிகைக்கு வெளியே மக்கள் நின்றார்கள். வசைகளை மறைத்தது அவருக்கு உதவவில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியவை, சத்தமில்லாமல் விடப்பட்ட இடங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பாருங்கள். 1973 மார்ச் 22 அன்று முன்னாள் சட்ட அமைச்சர் மிட்செலோடு நடந்த உரையாடல். என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை, எல்லோரும் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள், ஐந்தாம் சட்டத்திருத்தத்தின்கீழ் பதில் சொல்ல மறுக்கட்டும், மூடிமறைப்போ வேறெதுவோ, திட்டம் காப்பாற்றப்படுமானால் சரி என்னும் கருத்துப்பட நிக்சன் பேசுகிறார். நீதித்துறைக் குழுவின் படியில் இது இருக்கிறது. வெள்ளை மாளிகையின் படியில் இந்தப் பகுதியே இல்லை. கேட்கவில்லை என்ற குறிப்புகூட இல்லாமல், அப்படி ஒன்று பேசப்படாததுபோல விடப்பட்டிருக்கிறது. எனவே இரண்டு படிகளை ஒப்பிடும்போது மாறுபட்ட சொற்களை மட்டும் தேடாதீர்கள். நேரத்தைக் கணக்கிடுங்கள், ஒலியில் சில நிமிடங்கள் ஓடி எழுத்தில் சில வரிகளே இருந்தால், அங்கேதான் தோண்ட வேண்டும்.

உங்கள் தாளையும் இதே முறையில் ஒப்பிடுங்கள். எழுத்துப்படியோடு வேறுபடும் இடத்தில் உடனே உங்களுடையதை அடித்துவிடாதீர்கள். அந்த இடத்தை இரண்டு விதமாகவும் மனத்தில் வைத்து மாறி மாறிக் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்துப்படிதான் சரியாக இருக்கும். பயிற்சி பெற்றவர்கள் பலமுறை கேட்டு எழுதியது அது. எப்போதாவது ஒருமுறை நீங்கள் சரியாக இருப்பீர்கள்.

பணத்தைப் பின்தொடர்வது

1973 மார்ச் 21 உரையாடலின் எண் 886-8. அதிபர் பதவியை ஒரு புற்றுநோய் அரித்துக்கொண்டிருக்கிறது என்று டீன் எச்சரிப்பது இதில்தான். இதை நீளம் கருதிப் பலர் அஞ்சுவார்கள். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிநேரம். கேட்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. முழுவதையும் புரிந்துகொள்ள முயலாமல், டாலர் தொகை வரும் ஒவ்வோர் இடத்தையும் மட்டும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பிடிபட்டவர்களின் வாயை அடைக்க அடுத்த இரண்டு ஆண்டுகளில் பத்து லட்சம் டாலர் ஆகலாம் என்று டீன் சொல்கிறார். அதைத் திரட்ட முடியும், ரொக்கமாகவே, எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும் என்கிறார் அதிபர். வாட்டர்கேட் ஊடுருவலைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான ஹன்ட் உடனடியாகக் கேட்கும் ஏறத்தாழ 1,20,000 டாலரைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை முறை அந்தத் தொகைக்கு நிக்சன் தாமாகத் திரும்பி வருகிறார் என்பதை உங்கள் குறிப்பே காட்டிவிடும். அன்றிரவே ஹன்டின் வழக்கறிஞரிடம் 75,000 டாலர் போய்ச் சேர்ந்தது.

இது தவறாகும் என்று நிக்சன் சொன்னதாக அவர் தரப்பினர் வாதிட்ட வரிகளும் இதே பதிவில் இருக்கின்றன. அவற்றைத் தேடிக் கேட்பது உங்கள் கடமை. பணம் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறாரா, கைதானவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்குவதைச் சொல்கிறாரா என்பதை, முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கேட்காமல் தீர்மானிக்க முடியாது. நான் கேட்டவரை அது மன்னிப்பைப் பற்றியது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

கருவி இருப்பது யாருக்குத் தெரியும்?

ஒவ்வொரு பதிவிலும் எழுப்ப வேண்டிய கேள்வி இது. இந்த ஏற்பாட்டை அறிந்தவர்கள் நிக்சன், ஹால்ட்மன், அவர்களுடைய உதவியாளர்களில் சிலர், கருவியைப் பராமரித்த சில அதிகாரிகள் மட்டுமே. எர்லிக்மனுக்கும் கிசிஞ்சருக்கும் டீனுக்கும் தெரியாது. ஆகவே டீன் பேசுவது, பதிவாகிறது என்று அறியாதவரின் பேச்சு. நிக்சனின் பேச்சு இரண்டு வகையாக இருக்கலாம். 1972 முழுவதும் அவர் கருவியை மறந்தவர்போலவே ஒலிக்கிறார். 1973 ஏப்ரல் நடுவில், டீன் அரசு வழக்கறிஞர்களிடம் பேசத் தொடங்கிய பிறகு, நடந்தவை இப்படித்தானே என்று அவரிடமே உறுதிப்படுத்திக்கொள்ள முயலும் கேள்விகள் மிகுதியாகின்றன. யாருக்காகப் பேசப்படும் பேச்சு என்று அப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

டீனுக்கே ஒரு கட்டத்தில் ஐயம் வந்தது. ஏப்ரல் 15 இரவு, அதிபர் அறையின் மூலைக்குச் சென்று, ஏறக்குறையக் கேட்காத குரலில் ஹன்டுக்கு மன்னிப்பு வழங்குவது பற்றிப் பேசினார் என்றும், அப்போது தம் பேச்சு பதிவாகிறதோ என்று தோன்றியது என்றும் அவர் வாட்டர்கேட்டை விசாரித்த செனட் குழு முன் சாட்சியம் அளித்தார். குழுவின் ஊழியர் ஒருவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். ஜூலை 13, வெள்ளிக்கிழமை, முன்னாள் உதவியாளர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டிடம் அதைப் பற்றி நேரடியாகக் கேட்டார். இதை மட்டும் கேட்க மாட்டீர்கள் என்று நம்பினேன் என்று சொல்லிவிட்டு அவர் எல்லாவற்றையும் சொன்னார். திங்கட்கிழமை நாடே தொலைக்காட்சியில் அதைக் கேட்டது. ஒரு பெரிய இரகசியம், நேரடியாகக் கேட்கப்படாத வரையில்தான் இரகசியமாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு நடந்த சட்டப் போராட்டத்தைப் புத்தகங்கள் விரிவாகச் சொல்லும். கேட்பவருக்குத் தேவையானது, எந்த நாடா எப்போது வெளியே வந்தது என்ற வரிசை மட்டும். 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில் நாடாக்களை ஒப்படைக்கச் சொன்னது. 741-2-இன் எழுத்துப்படி ஆகஸ்ட் 5-இல் வெளியானது. ஆகஸ்ட் 9-இல் நிக்சன் பதவி விலகினார். அதிபர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது தொடர்பான 201 மணிநேரப் பதிவுகள் 1996-இல்தான் திறக்கப்பட்டன, கடைசித் தொகுதி 2013-இல். ஆகவே 1970-களில் எழுதப்பட்ட நூலொன்றின் முடிவை மேற்கோள் காட்டும் முன், அதை எழுதியவர் எந்த நாடாக்களைக் கேட்டிருக்க முடியும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இல்லாதவற்றைக் கேட்பது

சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் முதலில் கேட்டது ஒன்பது உரையாடல்களை. அவற்றில் இரண்டு பதிவாகவே இல்லை என்று வெள்ளை மாளிகை பின்னர் அறிவித்தது. ஒன்று, 1972 ஜூன் 20 அன்று மிட்செலோடு பேசியது. பதிவுக் கருவியோடு இணைப்பில்லாத, வசிப்பிடத் தொலைபேசியில் பேசப்பட்டதாம். மற்றது, டீன் சொன்ன அதே ஏப்ரல் 15 இரவு. ஞாயிற்றுக்கிழமையாதலால் நாடாவை மாற்ற ஆளில்லாமல் அது தீர்ந்துவிட்டதாம். இரண்டுமே இயந்திரத்தின் இயல்போடு பொருந்தும் விளக்கங்கள்தாம். அன்றைக்கு நம்பியவர்கள் குறைவு.

மூன்றாவது வகைதான் 342-ஆம் நாடா. 1972 ஜூன் 20, நிர்வாக அலுவலகக் கட்டடத்து அறையில் நிக்சனும் ஹால்ட்மனும் பேசியது. வாட்டர்கேட் கைதுகளுக்குப் பின் அவர்கள் அந்த அறையில் பேசிய முதல் சில உரையாடல்களில் ஒன்று. அதில் பதினெட்டரை நிமிடம் பேச்சே இல்லை. அதிபரின் செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ், தட்டச்சு செய்யும்போது தொலைபேசியை எடுத்ததில் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தியிருக்கலாம் என்றும், அப்படி ஆனது ஐந்து நிமிட அளவுக்கே என்றும் சொன்னார். நீதிமன்றம் அமர்த்திய ஆறு வல்லுநர்கள் 1974 ஜனவரியில், குறைந்தது ஐந்து முறை, ஒன்பது முறைவரைகூட இருக்கலாம், தனித்தனியாக அழிக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை அளித்தார்கள். அழித்தவர் யார் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை.

இந்தப் பதினெட்டரை நிமிடத்தை ஒருமுறையாவது முழுவதும் கேளுங்கள். மற்ற பதிவுகளில் நீங்கள் வடிகட்டித் தள்ளிய ரீங்காரம் இங்கே சான்று. ஆகையால் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். ஒலியளவைச் சற்றுக் கூட்டி, ரீங்காரத்தின் தன்மை மாறும் இடங்களையும் இடையில் வரும் சொடுக்கொலிகளையும் நேரத்தோடு குறியுங்கள். பேச்சை மீட்கத் தேசிய ஆவணக் காப்பகம் செய்த முயற்சி பலிக்கவில்லை என்று 2003-இல் முடிவாகிவிட்டதால், மறைந்த சொற்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதற்குப் பதில் ஹால்ட்மனின் கையெழுத்துக் குறிப்புகளைத் திறந்துவையுங்கள். அதிபர் சொல்வதை உடனுக்குடன் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். அந்தச் சந்திப்புக்கான தாள்கள் எஞ்சியிருக்கின்றன. நம் எதிர்த்தாக்குதல் என்ன, மக்கள் தொடர்பில் எப்படி முந்துவது என்று கேட்கும் சுருக்கமான வரிகள் அவற்றில் உள்ளன. அவற்றுக்கு முன்பாக இன்னொரு வரியும் இருக்கிறது: நிர்வாக அலுவலகக் கட்டடத்து அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி எதுவும் இல்லை என்பதை எப்போதும் முழுமையாகச் சோதித்துக்கொள்ள வேண்டும்.